செல்போனில் பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடித்தவர் அதை ஊரறியப் போட்டு உடைப்பது சரியா?

சரிதான் என்பேன், முதலில் உரியவரிடம் சொல்லிவிட்டு என்றால். 2009 டிசம்பரில் பெர்லின் ஹேக்கர் மாநாட்டில் கார்ஸ்டன் நோல் என்ற ஜெர்மன் ஆய்வாளர், ஜிஎஸ்எம் (2ஜி செல்போன் நெட்வொர்க்) அழைப்புகளை ஒட்டுக்கேட்காதபடி பூட்டும் ஏ5/1 என்ற சங்கேத முறையை உடைக்கும் வழியைக் காட்டினார். சாவியைத் தேடிப் பிடிக்க, முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த சுமார் 2 டெராபைட் அட்டவணை போதும். ஒரு ஹார்டு டிஸ்க்கில் அடங்கிவிடும். சட்டவிரோதம் என்று கொதித்தது செல்போன் நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜிஎஸ்எம் சங்கம். எனக்கு அந்தக் கோபம் வேடிக்கையாகத்தான் பட்டது. ஏ5/1 என்பது 1980களின் பூட்டு, சாவியின் நீளம் வெறும் 64 பிட். பலவீனமானது என்று 1990களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதிவந்தார்கள். ஏ5/3 என்ற வலுவான மாற்றும் கைவசம் இருந்தது. மாற்றத்தான் மனமில்லை.

ஆண்ட்ராய்டின் ஸ்டேஜ்ஃப்ரைட் ஓட்டையில் நடந்தது வேறு. போனுக்குள் ஊடுருவ ஒரு எம்எம்எஸ் (வீடியோ இணைத்த குறுஞ்செய்தி) வந்து விழுந்தாலே போதும், திறக்கக்கூட வேண்டாம். அதைக் கண்டுபிடித்த ஜோஷுவா டிரேக் 2015 ஏப்ரலில் ஆண்ட்ராய்டை உருவாக்கும் கூகுளிடம் சொன்னார், திருத்தத்தையும் சேர்த்தே கொடுத்தார். ஜூலையில்தான் வெளியே பேசினார். அப்போதும் பெரும்பாலான போன்களுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேரவில்லை.