மூன்றாவது சத்தம் மறைந்தால் நல்லதா?

கேள்வி: நாங்கள் கொழிஞ்சாம்பாறை. அப்பாவுக்கு 58 வயது. இதயத் தசை பலவீனம், ஈ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 30 சதவீதம் என்றார்கள். பாலக்காட்டில் சேர்த்தபோது சீட்டில் 'எஸ்3 இருக்கிறது' என்று எழுதியிருந்தது. இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டபின் பொள்ளாச்சியில் காட்டினோம்; 'எஸ்3 இல்லை' என்றார்கள். இதை வைத்து அப்பா இனி எப்படி இருப்பார் என்று சொல்லமுடியுமா?

பதில்: எஸ்3 என்ற அந்த மூன்றாவது சத்தம் போனது நல்லதுதான். இதயத்துக்குள் ஏறியிருந்த அழுத்தம் இறங்கியிருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம்.

லப்-டப் என்பது வால்வுகள் மூடும் சத்தம். டப் முடிந்ததும் மந்தமாக இன்னொன்று விழுந்தால் அது எஸ்3. வாயால் சொன்னால் 'தகிட, தகிட'. துடிப்பு வேகமாக இருந்தால் குதிரை ஓடுவதுபோலவே கேட்கும். மேலறையில் தேங்கிய ரத்தம் ஒரேயடியாகக் கீழறைக்குள் பாய்ந்து, விரிந்துபோன சுவரில் சட்டென்று தடைபட்டு நிற்பதால் வருவது. சிறுபிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது சாதாரணமாகவே கேட்கும். 58 வயதில் அப்படி விட்டுவிட முடியாது. லப்புக்கு முன்னால் வரும் எஸ்4 வேறு கதை, அது சுவர் விறைத்திருப்பதைச் சொல்வது.

2001இல் வெளியான ஓர் ஆய்வில், இதயம் பலவீனமான 2,500க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். எஸ்3 கேட்டவர்களும், கழுத்து நரம்பு புடைத்திருந்தவர்களும் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வதும் இறப்பதும் மற்றவர்களைவிட அதிகம். அது கூட்டத்துக்கான கணக்கு. உங்கள் அப்பாவுக்கு இத்தனை வருஷம் என்று அதிலிருந்து யாரும் எண்ணிச் சொல்லமுடியாது.

இன்னொன்று, இதைக் கேட்பதே கஷ்டம். நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஃபேனை நிறுத்தி, ஸ்டெதாஸ்கோப்பின் கிண்ணப் பக்கத்தை மார்பில் பட்டும் படாமலும் வைக்கவேண்டும். கொஞ்சம் அழுத்தினால் சத்தம் காணாமல் போய்விடும். நானும் என் உதவி டாக்டரும் ஒரே நெஞ்சைக் கேட்டு ஆளுக்கொன்று எழுதிய நாட்கள் உண்டு. அதனால் 'இல்லை' என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பி மாத்திரையைக் குறைத்துவிடாதீர்கள். சத்தம் அடங்கியிருந்தால் மாத்திரையால்தான் அடங்கியிருக்கும்.

மாத்திரைகள் சரியான அளவுக்கு வந்து மூன்று மாதம் ஆனதும் எக்கோ எடுங்கள். அப்போதும் ஈ.எஃப். 35 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஐ.சி.டி. கருவி (துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்ய உடலுக்குள் வைப்பது) வேண்டுமா என்று டாக்டரிடம் பேசவேண்டும். அதுவரை தினம் காலையில், சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால், அல்லது ஒரு தலையணையில் படுத்தவர் இரண்டு கேட்டால், அடுத்த தேதிவரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். கொண்டாட்டம் என்கிற உப்பு வற்றலும் உப்புமாங்காயும் இனி வேண்டாம். அப்பா முறைப்பார், பரவாயில்லை.

அப்புறம், எல்லைக்கு இரண்டு பக்கமும் காட்டுகிறீர்கள், அதில் தப்பில்லை. ஆனால் ஒரே மருந்தை அங்கே ஒரு பெயரிலும் இங்கே வேறு பெயரிலும் எழுதி, இரண்டையும் விழுங்கி, பிரஷர் இறங்கித் தலைசுற்றி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கே போனாலும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரே பையில் போட்டு எடுத்துப் போய் மேஜையில் கொட்டிக் காட்டுங்கள்.