நகைக்கடையில் தங்கம் சரி என்கிறார்கள். அமெரிக்கப் பழங்காசு அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வியின் சுருக்கம்: 1911-ஆம் ஆண்டு, டி முத்திரை (டென்வர் நாணயச்சாலையின் அடையாளம்) போட்ட இரண்டரை டாலர் தங்கக் காசு ஒன்று விலைக்கு வருகிறது. நகைக்கடை எந்திரத்தில் வைத்துப் பார்த்ததில் தங்கம் 90 சதவீதம் என்று வந்திருக்கிறது. நம்பி வாங்கலாமா?

அந்த 90 சதவீதத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். இந்தக் காசுகளில் ஏமாற்று பெரும்பாலும் தங்கத்தில் இருக்காது, காசை அடித்த அச்சில் இருக்கும். 1933 ஏப்ரலில் மக்கள் கையிலிருந்த தங்கத்தை ஒப்படைக்கச் சொல்லி அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஆணை போட்டபோது, சேகரிப்பு மதிப்புள்ள அபூர்வக் காசுகளுக்கு விலக்கு கொடுத்தார். 1974 கடைசி வரை அமெரிக்காவில் தங்கக் கட்டி வைத்துக்கொள்ள முடியாது, பழங்காசு வைத்துக்கொள்ளலாம். காசின் விலை தங்கத்தின் விலையைத் தாண்டியது. அந்த வித்தியாசத்தைக் குறிவைத்துத்தான் லெபனானின் பெய்ரூட் போன்ற ஊர்களில், சரியான தங்கத்தில், சரியான எடையில் போலிகளை அடித்துத் தள்ளினார்கள். உரசிப் பார்த்தால் அதுவும் தங்கம்தான். அதோடு, உரைகல்லில் உரசிய காசுக்கு அசலாகவே இருந்தாலும் சேகரிப்பாளரிடம் பாதி மரியாதை போய்விடும்.

முதலில் எடையும் அளவும். 20 டாலர் 33.436 கிராம், 34 மி.மீ.; 10 டாலர் 16.718 கிராம், 27 மி.மீ.; 5 டாலர் 8.359 கிராம், 21.6 மி.மீ.; இரண்டரை டாலர் 4.18 கிராம், 18 மி.மீ. தேய்ந்த காசு எடை குறையலாம், கூடவே கூடாது. 1873 சட்டம் 20 டாலருக்கு அனுமதித்த வித்தியாசமே அரை கிரெயின்தான், 0.03 கிராம்.

அடுத்து அடர்த்தி. தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூஜ்யமாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டி, குவளையின் அடியிலும் பக்கத்திலும் படாமல் மூழ்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் உலர்ந்த எடையை வகுத்தால் 17.2 அருகில் வர வேண்டும். 20 டாலருக்கு இது நன்றாக வேலை செய்யும்: 33.44-ஐ 1.94-ஆல் வகுத்தால் 17.24. உங்கள் இரண்டரை டாலருக்கோ 0.01 கிராம் தராசு போதவே போதாது. 0.24 என்று காட்டினால் 17.4, 0.25 என்று காட்டினால் 16.7. 22 கேரட்டில் அடித்த போலியும் அதே 0.24-தான் காட்டும். 0.001 கிராம் தராசு இல்லாமல் இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம்.

உண்மையான வேலை 10 மடங்கு லென்ஸில்தான். போலி அடிப்பவர் பெரும்பாலும் ஓர் அசல் காசிலிருந்து அச்சைப் படியெடுக்கிறார். அந்த அசல் காசில் இருந்த அடிபட்ட தழும்புகளும் அச்சில் ஏறி, அதில் அடித்த எல்லாக் காசிலும் அதே இடத்தில் பள்ளமாக வரும். ஒற்றை விளக்கின் கீழே காசைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். காசோடு காசு மோதி உண்டான தழும்பு என்றால் ஓரம் கூராக இருக்கும், உள்ளே பளிச்சென்று மின்னும். அச்சிலிருந்து வந்த பள்ளத்தின் ஓரம் மழுங்கியிருக்கும். சுற்றியுள்ள பரப்பில் என்ன மங்கலோ அதேதான் பள்ளத்துக்குள்ளும் இருக்கும். இன்னொன்று, படியெடுத்த அச்சைச் சீவித் திருத்தியதால் புழு ஊர்ந்ததுபோல மேலெழுந்த கோடுகள். பரப்புக்கு மேலே எழும்பி நிற்கும் கோடு கீறலாக இருக்க முடியாது, அது அச்சின் குறை. எழுத்துகள் பருத்து, மூலைகள் உருண்டிருந்தாலும் சந்தேகப்படுங்கள். ஒரு போலிக்காரர் தன் கையெழுத்தையே விட்டுப் போயிருக்கிறார்: 1907 உயர்புடைப்பு (உருவம் வழக்கத்தைவிட மேலெழுந்து நிற்கும்) 20 டாலர் போலிகளில் கழுகின் நகத்துக்குள் குட்டியாக ஒமேகா என்ற கிரேக்க எழுத்து. துணிச்சல்தான்.

உங்கள் 1911 டி காசுக்கு வருவோம். டென்வரில் அடித்தது 55,680 மட்டுமே. அதே ஆண்டு பிலடெல்பியா காசு, முத்திரை இல்லாதது, ஏராளம். ஆக, பிலடெல்பியா காசில் ஒரு டி-யை ஒட்டிவிட்டால் விலை பல மடங்கு ஏறும். பின்புறம், கழுகு நிற்கும் அம்புக்கட்டின் நுனிக்கு இடப்புறம் அந்த எழுத்து இருக்கும். அதன் அடிப்பகுதியைச் சுற்றி மெல்லிய கோடோ, நிற மாற்றமோ தெரிந்தால், சுற்றுப்புறம் தேய்ந்திருக்க எழுத்து மட்டும் புதிதாக இருந்தால், ஒட்டு வேலை. டி மங்கலாக இருப்பதால் மட்டும் ஒதுக்க வேண்டாம், அசலிலேயே மங்கலானவை உண்டு. முழுக் காசையும் போலியாக அடித்தவையும் இருப்பதால், டி சுத்தமாக இருந்துவிட்டாலும் மேலே சொன்ன பள்ளம், கோடு சோதனையை விடக்கூடாது.

மற்ற காசுகளில் ஆண்டும் வடிவமும் பொருந்துகிறதா என்று பார்த்தாலே சில போலிகள் கழன்றுவிடும். பழைய லிபர்ட்டி தலை 20 டாலரில் 1876 வரை பின்புறம் டாலர்ஸ் என்ற சொல் முழுதாக இருக்காது, டி என்ற சுருக்கம்தான். 1877 முதல் முழுச் சொல். இந்தியன் தலை 10 டாலரின் பக்கவாட்டு விளிம்பில் 1911 வரை 46 நட்சத்திரங்கள், 1912 முதல் 48. எண்ணிப் பாருங்கள், பொறுமை வேண்டும். 1933 இருபது டாலர் யாராவது நீட்டினால் எண்ணக்கூட வேண்டாம்: தனியார் வைத்துக்கொள்ள அமெரிக்க அரசு அனுமதித்தது ஒன்றே ஒன்று, அது 2021-ல் சுமார் 1 கோடியே 89 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

அசல் காசிலும் ஒரு கண்ணி உண்டு. வளையம் வைத்து, சங்கிலியில் பதக்கமாகக் கோத்துக் கழுத்தில் போட்டவை நிறைய. வளையத்தை எடுத்த பிறகும் விளிம்பின் உச்சியில் பற்றவைத்த தடம், அங்கே மட்டும் வரிகள் அழிந்திருப்பது தெரியும். துணியால் தேய்த்துப் பளபளப்பாக்கிய காசில் ஒரே திசையில் மயிரிழைக் கோடுகள் ஓடும். இரண்டுக்கும் தங்க விலைக்கு மேல் அதிகம் கொடுக்காதீர்கள்.

இந்த அளவு விலை வித்தியாசம் உள்ள காசை பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி (காசைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனங்கள்) பெட்டியில் அடைத்ததாக மட்டும் வாங்குங்கள். பெட்டியிலும் போலி வருகிறது. அசல் சான்றிதழ் எண்ணையே அச்சடித்து வேறு காசை உள்ளே வைப்பார்கள். அந்த நிறுவனத்தின் தளத்தில் எண்ணைத் தேடி, படம் இருந்தால் காசிலுள்ள முகத்தின் கன்னத்திலும் பரப்பிலும் உள்ள தழும்புகளைக் கையிலிருக்கும் காசோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். விற்பவர் பெட்டியில்லாத காசை வைத்துக்கொண்டு, சான்றுக்கு அனுப்பச் சம்மதிக்காமல், இன்றே முடித்துவிடலாம் என்று அவசரப்படுத்தினால், எழுந்து வந்துவிடுங்கள்.