ஒன்பதும் ஐந்தும்

அன்புள்ள ஐயா,

சில ஆண்டுகளாக நியூ ஆர்லியன்ஸில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை மதியங்களில் நாங்கள் நான்கு நண்பர்கள் சேர்ந்து சாப்பிடப் போவோம். பெரிய உணவகங்கள் பக்கம் போவதில்லை. குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கும் சின்ன சாண்ட்விச் கடை, இல்லையென்றால் சாப்பாடும் கிடைக்கிற தெருமுனை பார். நால்வரில் ஒருவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் மனைவி டெக்ஸாஸ்காரர். இன்னொருவர் வியட்நாமிய வம்சாவளித் தோழி. ரொட்டி, உள்ளே வைப்பது, விலை, கவனிப்பு என்று பிரித்து ஆளுக்கு ஒரு மதிப்பெண் போட்டு, சராசரி எடுத்து, நாலு வரி விமர்சனத்தோடு தெரிந்தவர்களுக்கு அனுப்புவோம். இதைச் சின்னப் புத்தகமாகவே போடலாம் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள்.

போன மாதம் அப்டவுன் பக்கம் ஒரு பழைய பாருக்குப் போனோம். ரோஸ்ட் பீஃப் போ-பாய் (நீள ரொட்டியைப் பிளந்து உள்ளே வைத்துத் தரும் இந்த ஊர் சாண்ட்விச்) வாங்கினோம். உள்ளூர் நண்பர் பத்துக்கு 9 போட்டார், நான் 5 போட்டேன். ரொட்டி கிரேவியில் ஊறிக் கையிலேயே பிரிந்துவிட்டது, வெகுநேரம் காக்க வேண்டியிருந்தது, உள்ளே ஒரே இருட்டு. “நீ குடிக்கவே மாட்டாய், உனக்கு பாரைப் பற்றி என்ன தெரியும்?” என்றார் அவர். “நீ சின்ன வயதிலிருந்து போகிற கடை, உனக்கு எல்லாமே ருசிக்கும்” என்றேன் நான். கடைசியில் 7 என்று போட்டு அனுப்பிவிட்டோம். எனக்கு மனசு ஒப்பவில்லை.

வெளியூர்க்காரன் மதிப்பெண் போடலாமா? குடிக்காதவன் பாரைப் பற்றி எழுதலாமா? பிடிக்காத கடையின் பெயரைப் புத்தகத்தில் போடலாமா?

எஸ்.,
நியூ ஆர்லியன்ஸ்

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த 7-ஐ எடுத்துவிடுங்கள். உங்கள் இருவரில் யாருக்கும் அந்தச் சாப்பாடு 7 ஆக இருக்கவில்லை. ஒருவருக்கு அது கிட்டத்தட்ட குறையே இல்லாத மதியம், இன்னொருவருக்குப் பாதி வீணான மதியம். இரண்டுமே உண்மை. இரண்டையும் கூட்டி வகுத்ததில் யாருக்கும் நடக்காத ஒன்றை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். மனசு ஒப்பாததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 9, 5 இரண்டையும் அப்படியே போடுங்கள். பக்கத்தில் ஏன் 9, ஏன் 5 என்று அவரவர் கையால் எழுதட்டும். நான்கு பேராகப் போவதன் முழுப் பலனும் அதில்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் 5-ஐப் பார்ப்போம். ரொட்டி ஊறிப் பிரிந்தது என்கிறீர்கள். அந்த ஊர் ரொட்டியைத் தனியாக ஒரு துண்டு கேட்டு வாங்கித் தின்று பாருங்கள். மேல்தோல் மெல்லியது, கடித்தால் நொறுங்கிச் சட்டையெல்லாம் சிதறும். உள்ளே பஞ்சு, அழுத்தினால் ஒன்றுமே இல்லாதது மாதிரி அமுங்கும். 1896-இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவர் தொடங்கிய லைடன்ஹைமர் பேக்கரி இன்றும் ஊரின் பல கடைகளுக்கு அனுப்புவது இந்த வகை ரொட்டிதான். அன்றைக்குச் சுட்டதை அன்றைக்கே தின்றுவிட வேண்டும். பொரித்த இறாலுக்கும் சிப்பிக்கும் இதைவிடப் பொருத்தமான ரொட்டி கிடையாது, ஏனென்றால் அது உள்ளே இருப்பதோடு போட்டி போடாது. ரோஸ்ட் பீஃப் விஷயம் வேறு. இறைச்சியை நார் நாராகும்வரை வேகவிட்டு, அதன் கிரேவியோடு அள்ளி வைப்பார்கள். ரொட்டி அதை உறிஞ்சத்தான் வேண்டும். எத்தனை காகிதக் கைக்குட்டை செலவானது என்பதை வைத்து ரோஸ்ட் பீஃபை எடை போடுகிறவர்கள் அந்த ஊரில் உண்டு. ஆகவே ஊறியது குறை இல்லை. ஆனால் மேசைக்கு வரும்போதே தோலின் நொறுங்கல் போயிருந்தால் அது குறைதான்: ஒன்று ரொட்டி நேற்றையது, அல்லது கட்டி முடித்த பிறகு எடுத்துக்கொடுக்க ஆள் இல்லாமல் கிடந்திருக்கிறது. இந்த இரண்டில் எது நடந்தது என்று உங்கள் விமர்சனத்தில் இல்லை. அது இருந்திருந்தால் உங்கள் 5 உள்ளூர் நண்பரையே யோசிக்க வைத்திருக்கும்.

அவருடைய 9-க்கும் இதையே சொல்வேன். சின்ன வயதிலிருந்து போகிற கடை என்பதை நீங்கள் அவருக்கு எதிராகச் சொன்னீர்கள். நான் அதை அவருடைய தகுதியாகவே எடுத்துக்கொள்வேன். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் வந்தபோது அந்த ஊரில் ஏறக்குறைய எண்பது சதவீதம் தண்ணீருக்குள் போனது. பேயூ செயின்ட் ஜான் என்ற நீரோடை ஓரத்தில் இருக்கும் பார்க்வே பேக்கரி அண்ட் டேவர்னை எடுத்துக்கொள்ளுங்கள். 1911-இல் பேக்கரியாகத் தொடங்கியது, பிறகு போ-பாய்க் கடையானது, தொண்ணூறுகளில் மூடிப்போனது. வேறொருவர் வாங்கிச் சீர்செய்து 2003 கடைசியில் திறந்தார். இரண்டு வருடம்கூட ஆகவில்லை, வெள்ளம் உள்ளே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் திறந்தார்கள். இப்படி ஒரு கடை திறந்த அன்றைக்குத்தான் தன் பேட்டைக்கு மறுபடி உயிர் வந்தது என்று நினைத்தவர்கள் அங்கே எத்தனையோ பேர். உங்கள் நண்பரின் 9-இல் அந்த மாதிரி ஏதாவது நினைவு கலந்திருந்தால் அது தப்பே இல்லை. ஆனால் அதை எழுத வேண்டும். “இதில் இரண்டு மதிப்பெண் என் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வந்ததற்கு” என்று அவர் எழுதினால், படிக்கிறவன் அந்த இரண்டைக் கழித்துக்கொள்வதா வைத்துக்கொள்வதா என்று தானே முடிவு செய்துகொள்வான்.

பேட்டைக் கடையை அளக்க அது யாருக்காக நடக்கிறது என்று பார்ப்பதைவிட நல்ல கோல் எனக்குத் தெரியவில்லை. போ-பாய் பிரபலமான கதையே அதைத்தான் சொல்கிறது. 1929 ஜூலையில் நியூ ஆர்லியன்ஸ் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கம்பெனி வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து டிராமை ஓட்டப் பார்த்தது, கூட்டம் டிராமைக் கொளுத்தியது. அப்போது பிரெஞ்சு மார்க்கெட் பக்கம் கடை வைத்திருந்த பென்னி மார்ட்டின், க்ளோவிஸ் மார்ட்டின் என்ற சகோதரர்கள், தாங்களும் முன்பு டிராம் கண்டக்டர்களாக இருந்தவர்கள், சங்கத்தின் 194-ஆம் கிளை உறுப்பினர்களுக்குச் சாப்பாடு இலவசம் என்று எழுதிக் கொடுத்தார்கள். வழக்கமான பிரெஞ்சு ரொட்டி இரண்டு முனையிலும் கூம்பி வரும், வெட்டினால் முனைகள் வீண். அதனால் ஜான் கெண்டூசா என்ற ரொட்டிக்காரர், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே அகலமாக, ஏறக்குறைய 40 அங்குல நீளத்தில் ரொட்டி சுட்டுக் கொடுத்தார். எங்கே வெட்டினாலும் எல்லோருக்கும் ஒரே அளவு. காசு மிகக் குறைவாக இருந்தவனுக்கு உருளைக்கிழங்கு வறுவலை வைத்து மேலே ரோஸ்ட் பீஃப் கிரேவியை ஊற்றித் தருகிற வகையும் உண்டு. இன்றைக்கும் சில கடைகளில் கிடைக்கிறது. புதிதாக ஒரு கடைக்குள் போனால் அந்த உருளைக்கிழங்கு போ-பாய் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த பண்டத்தை ஒரு கடை எவ்வளவு அக்கறையாகச் செய்கிறது என்பதில் நிறையத் தெரிந்துவிடும்.

கவனிப்பு என்ற உங்கள் பிரிவையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அனன்சியேஷன் தெருவில் டோமிலிசேஸ் இருக்கிறது. உள்ளே போய் எண் சீட்டு எடுத்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு பக்கம் பியர் ஊற்றும் கவுண்டர், இன்னொரு பக்கம் உங்கள் கண் முன்னாலேயே இறாலை மாவில் புரட்டிப் பொரித்து, ரொட்டியைப் பிளந்து, அடுக்கி, வெள்ளைக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கிறார்கள். காத்திருக்கத்தான் வேண்டும். முன்கூட்டிப் பொரித்து வைத்திருந்தால் காக்க வேண்டாம், ஆனால் அதற்குப் பிறகு அது பொரித்த இறாலே இல்லை. ஆகவே வெகுநேரம் ஆனது என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த நேரத்தில் அடுப்பில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். இறால் எங்கிருந்து வந்தது என்றும் தயங்காமல் கேளுங்கள். மெக்சிகோ வளைகுடா இறாலா, இறக்குமதியா என்பது அங்கே மீனவக் குடும்பங்களின் பிழைப்பு சம்பந்தப்பட்டது. இறக்குமதி என்றால் அதைச் சாப்பிட வருகிறவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று லூசியானா 2019-இல் சட்டமே போட்டது.

வெளியூர்க்காரன் மதிப்பெண் போடலாமா என்ற கேள்விக்குப் பதில் உங்கள் மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறது. 1975-க்குப் பிறகு வந்து கிழக்கு நியூ ஆர்லியன்ஸில் குடியேறிய வியட்நாமியக் குடும்பங்களில் ஒன்று 1982-இல் டாங் ஃபுவாங் பேக்கரியைத் தொடங்கியது. இன்றைக்கு அந்த ரொட்டியில் போ-பாய் கட்டுகிற கடைகள் ஊரில் இருக்கின்றன. 2018-இல் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை அதற்கு அமெரிக்காவின் பாரம்பரிய உணவகங்களுக்கான விருதைக் கொடுத்தது. வெளியிலிருந்து வந்தவர்கள் அந்த ஊரின் ரொட்டியையே மாற்றும்போது அவர்கள் நாக்குக்கு மட்டும் உரிமை இல்லையா? உங்கள் தோழி வியட்நாமிய சாண்ட்விச்சான பான் மீயின் ரொட்டியை மனதில் வைத்துத்தான் அளப்பார். அளக்கட்டும். நீங்கள் உங்கள் வீட்டுக் காரத்தை வைத்து அளப்பீர்கள். அதையும் சொல்லிவிட்டு அளந்தால் போதும். ஊர்க்காரர் பழக்கத்தில் கவனிக்காமல் விட்ட இருட்டை நீங்கள்தான் பார்த்தீர்கள்.

குடிக்காதவர் என்பதும் எனக்குப் பெரிய தடையாகத் தெரியவில்லை. காக்டெயிலைப் பற்றி நீங்கள் எழுத வேண்டாம், அது மற்றவர்கள் பாடு. மது இல்லாத குளிர்பானமான ரூட் பியர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள். கிளாஸைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாததால் நீங்கள் ஆட்களைப் பார்க்கலாம். அந்த ஊரில் பாரை இத்தனை மணிக்கு மூட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இரவு வேலை முடித்த ஓட்டல் பணியாளருக்கும் சமையல்காரருக்கும் காலை ஏழு மணிதான் சாயங்காலம். அவர்கள் வந்தால் அந்தக் கடையில் என்ன சாப்பிடக் கிடைக்கிறது? திங்கட்கிழமை அந்த ஊரில் சிவப்பு பீன்ஸும் சோறும் சாப்பிடும் நாள். சில பேட்டை பார்களில் ஒரு பெரிய பாத்திரத்தில் வைத்து வருகிறவர்களுக்குச் சும்மாவே கொடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை செகண்ட் லைன் ஊர்வலம் பித்தளை வாத்தியங்களோடு வந்து எந்த பார் வாசலில் நிற்கிறதோ, அந்த பாருக்கு அந்தத் தெருவில் என்ன இடம் என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதெல்லாம் சனிக்கிழமை மதியம் மட்டும் போகிறவர்களுக்குக் கிடைக்காது. புத்தகம் என்று வந்துவிட்டால் கிழமையை மாற்றுங்கள். அந்த அப்டவுன் பாருக்கு ஒரு திங்கட்கிழமை போய்விட்டு வாருங்கள், நான்கு பேரும்.

நால்வரும் நான்கு வெவ்வேறு பண்டம் வாங்கிப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். ஒரே பண்டத்தை நால்வரும் வாங்கினால் சண்டைக்குக்கூட விஷயம் குறைந்துவிடும்.

பெயர் போடும் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன். நண்பர்களுக்கு அனுப்பும்போது எதையும் எழுதலாம். அச்சில் வரும்போது, ஒரு தடவை போய் ஒத்துவராத கடையைப் பெயரோடு குறை சொல்லாதீர்கள். இன்னொரு கிழமையில், இன்னொரு நேரத்தில் திரும்பப் போங்கள். அன்றைக்குச் சமையலில் ஒரு ஆள் வராமல் இருந்திருக்கலாம், ரொட்டி வண்டி தாமதித்திருக்கலாம். குடும்பமே நின்று நடத்துகிற கடையை ஒரு மோசமான சனிக்கிழமையை வைத்து எடை போடுவது நியாயமில்லை. இரண்டாவது தடவையும் அப்படியே இருந்தால் பெயர் போட்டு எழுதுங்கள், என்ன தேதி, என்ன வாங்கினீர்கள் என்பதோடு. பெரிய விளம்பரத்தோடு நடக்கும் கடைகளுக்கு இந்தச் சலுகை தேவையில்லை.

“ஊரிலேயே சிறந்த பத்து” என்று வரிசைப்படுத்த யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பேட்டைவாரியாகப் போடுங்கள். ஒவ்வொரு பேட்டையிலும் இரண்டு மூன்று கடை, ஒவ்வொரு கடைக்கும் நான்கு கையெழுத்து, நான்கு மதிப்பெண். முதல் படி தயாரானதும் எனக்கு அனுப்புங்கள். அப்டவுன் பாரின் பக்கத்தை முதலில் படிப்பேன்.