மறுபடி பிசைந்த மாவு

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. சமையல் கற்றுக்கொடு என்று அவனே கேட்டான். இரண்டே வாரத்தில் சலித்துவிட்டது. போன ஞாயிறு சப்பாத்திக்கு மாவு பிசைந்தான். கல்லு மாதிரி இருந்ததால், அவன் டிவி பார்க்கப் போனதும் நானே தண்ணீர் தெளித்து மறுபடி பிசைந்து சுட்டேன். இப்போது கூப்பிட்டால் ‘நீயே செய்’ என்கிறான். பொறுமையே இல்லாத பிள்ளைக்கு எப்படிச் சொல்லித்தருவது?

– ஒரு வாசகி, சேலம்

பதில்: சகோதரி, அவன் பொறுமையை விடுங்கள். கல்லாக இருந்த மாவு தட்டில் பூப்போலச் சப்பாத்தியாக வந்தால் 8 வயதுப் பிள்ளைக்குப் புரியாதா? நீங்கள் செய்து காட்டியதைத்தான் ‘நீயே செய்’ என்று வாயால் சொல்கிறான். வீட்டுக்காரர் முகம் சுளிப்பாரே என்று பயந்திருப்பீர்கள். சுளிக்கட்டும். பிள்ளை பிசைந்த மாவில் வரட்டிச் சப்பாத்தி வந்தால், குருமாவில் ஊறவைத்து அப்பா உட்பட வீடே சாப்பிட வேண்டும். அது பெற்றவர்கள் கடமை.

மாவு ஏன் கல்லானது தெரியுமா? அநேகமாகத் தண்ணீரை மொத்தமாக ஊற்றியிருப்பான். கையில் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும், பயந்துபோய் மாவை மேலே மேலே கொட்டியிருப்பான். அடுத்த முறை ஒரு கப் கோதுமை மாவு போதும், சின்னக் கைக்கு அதற்கு மேல் அடங்காது. கால் டீஸ்பூன் உப்பு. அரை கப்புக்குச் சற்றுக் குறைவாக வெதுவெதுப்பான தண்ணீர். முதலில் பாதியை ஊற்றி விரலால் கிளறட்டும், மீதியை ஒவ்வொரு ஸ்பூனாகச் சேர்க்கட்டும். மாவு ஒன்றுசேர்ந்ததும் பிசைவதை நிறுத்தி, ஈரத்துணி போட்டு 10 நிமிடம் மூடிவைக்கச் சொல்லுங்கள். மாவு தண்ணீரை இழுத்துக்கொண்டு தானே இளகும். பிறகு இரண்டு நிமிடம் பிசைந்தால் போதும், பெரியவர் கைப்பலம் தேவையில்லை. விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக எழும்ப வேண்டும். ஓரம் வெடித்தால் இன்னும் ஒரு ஸ்பூன் தண்ணீர். அன்றைக்கு நீங்கள் ஒளிந்து தெளித்தீர்களே, அதே தண்ணீர்தான். அவனைக் கூப்பிட்டுத் தெளிக்க வைத்திருந்தால் அன்றே கற்றுக்கொண்டிருப்பான்.

சமையல் மேடையில் நிற்க வைத்துப் பிசையச் சொல்லாதீர்கள். மேடை மார்பு உயரம் வந்தால் அழுத்தவே முடியாது. தரையில் தாம்பாளத்தை வைத்து உட்காரட்டும். தேய்க்கும்போது வட்டம் சுருங்கிச் சுருங்கி வந்தால் மாவு இன்னும் ஊற வேண்டும் என்று அர்த்தம்.

அடுப்பு இப்போதைக்கு உங்கள் பொறுப்பு. கல் நன்றாகக் காய்ந்த பிறகே போடுங்கள். சூடு போதாத கல்லில் நல்ல மாவும் அப்பளமாகக் காயும், பழி பிள்ளை மேல் விழும். சூடு பட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள், பேஸ்ட்டும் இங்க்கும் தடவாதீர்கள்.

வரும் ஞாயிறு முதலில், ‘போன வாரம் உன் மாவை நான் மறுபடி பிசைந்தேன், தப்புதான்’ என்று அவனிடம் சொல்லுங்கள். மாவு டப்பாவை அவன் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் குருமாவுக்கு வெங்காயம் நறுக்கப் போங்கள்.