ஃபசாட் கம்பெனி வேலை என்றால் கண்ணாடி மாட்டுகிற வேலையா?

அம்மா, மகளுக்கு கேம்பஸில் வந்திருக்கும் அந்தச் சென்னை ஃபசாட் (கட்டட முகப்பு) கம்பெனி வேலையை வேண்டாம் என்று சொல்வதற்கு முன் ஒரு வாரம் பொறுங்கள். "சிவில் இன்ஜினியரிங் படிச்சிட்டு கண்ணாடி மாட்டப் போறாளா" என்று உங்கள் கொழுந்தனார் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வேலூர், ஆற்காடு பக்கம் நாம் பார்க்கிற கடைக் கட்டடங்களில் முகப்பு என்பது எல்லாம் கட்டி முடித்த பிறகு, கையில் மிச்சமிருக்கிற காசுக்கு ஏசிபி ஷீட்டும் (நடுவில் வேறு பொருள் அடைத்த அலுமினியத் தகடு) நீலக் கண்ணாடியும் ஒட்டி எலிவேஷன் காட்டுவதுதான்.

அப்படி ஒட்டினால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமானால், கத்திரி வெயிலில் மூன்று மணி வாக்கில் காட்பாடி ரோட்டில் மேற்குப் பார்த்த கண்ணாடிக் கடை ஏதாவது ஒன்றில் ஏறிப் பாருங்கள். ஏசி நிற்காமல் ஓடும், வெயில் தாங்காமல் கண்ணாடியின் உட்பக்கம் பழைய ஃபிளெக்ஸ் பேனரைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், அதை ஒட்டி உட்கார்ந்திருக்கிற கேஷியருக்கு அப்படியும் வேர்த்துக்கொண்டிருக்கும், வெளிச்சத்துக்கென்று போட்ட கண்ணாடியை மறைத்துவிட்டதால் பட்டப்பகலில் டியூப் லைட் எரியும். வெயிலைக் காசு கொடுத்து உள்ளே விட்டு, கரண்ட் பில் கட்டி வெளியே தள்ளுகிறோம். இதை வெளியிலேயே நிறுத்துவதுதான் முகப்பின் முதல் வேலை. அதற்குக் கணக்குப் போடுவது உங்கள் மகள் செய்யப்போகிற வேலை.

கணக்கு என்று சும்மா சொல்லவில்லை. தெற்குச் சுவருக்கு ஒரு சாதாரண சன்ஷேடு போதும், சூரியன் அந்தப் பக்கம் உயரத்தில் போகும். கிழக்கிலும் மேற்கிலும் வெயில் தாழ்வாகச் சாய்ந்து வருவதால் சன்ஷேடு உதவாது, செங்குத்துப் பட்டைகள் வேண்டும், இல்லையென்றால் கண்ணாடியையே குறைக்க வேண்டும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருப்பதால் வடக்குச் சுவரையும் அப்படியே விட முடியாது. அப்புறம் எந்தக் கண்ணாடி? நடுவில் காற்று அடைத்த இரட்டைக் கண்ணாடியா, வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் லோ-இ பூச்சு உள்ளதா, எவ்வளவு வெளிச்சத்தை விட்டு எவ்வளவு சூட்டைத் தடுக்கும் என்று பார்க்க வேண்டும். பெரிய வணிகக் கட்டடங்களுக்கான மத்திய அரசின் 2017 எரிசக்தி சேமிப்பு விதி, வெளிச்சுவர்ப் பரப்பில் கண்ணாடி 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. தாண்டினால் மொத்தக் கட்டடத்தின் மின்செலவைக் கணக்கிட்டு ஈடுகட்டிக் காட்ட வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த ஆள் எல்லா ஆபீஸுக்கும் தேவை.

காற்றும் மழையும் அடுத்த பெரிய விஷயம். உயரமான ஆபீஸ் கட்டடங்களில் கண்ணாடிச் சுவர் கட்டடத்தைத் தாங்குவதில்லை, ஒவ்வொரு மாடி ஸ்லாபின் ஓரத்திலும் பிராக்கெட் வைத்துத் தொங்கவிடுகிறார்கள். கட்டடங்கள் தாங்க வேண்டிய பாரங்களுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 875 சென்னைக்குத் தரும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்று கண்ணாடியை உள்ளே தள்ளுவதோடு நிற்காது, மூலைகளில் வெளியே பிடுங்கவும் செய்யும். அலுமினியம் வெயிலில் நீளும், ஸ்லாப் பாரத்தில் கொஞ்சம் வளையும், இரண்டுக்கும் இடம் விட்டு, அந்த இடைவெளி வழியே மழைத்தண்ணீர் வராமலும் பார்க்க வேண்டும். ஒரு இணைப்பின் டிராயிங்கே பல தடவை திருத்தப்படும். இதில் சலிப்புத் தட்டாத பிள்ளைக்குத்தான் இந்தத் துறை.

தீ விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது. 2017 ஜூனில் லண்டன் கிரென்ஃபெல் டவரில் 72 பேர் இறந்தார்கள், அது குடியிருப்புக் கட்டடம்தான், ஆனால் தீயை வெளிப்பக்கமாக மேலே ஏற்றியதில் பெரும்பங்கு பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் அடைத்த அலுமினிய ஷீட்டுக்கு. ஏசிபி ஷீட் வாங்கும்போது உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்று நம் ஊரில் யாரும் கேட்பதில்லை. ஸ்லாபுக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள இடைவெளியை ராக்வூல் என்ற தீப்பிடிக்காத பாறைப் பஞ்சு வைத்து அடைக்காமல் விட்டால், கீழ் மாடிப் புகை மேல் மாடிக்கு ஏறிவிடும். முழு முகப்பையும் விளம்பரப் பலகையால் மூடிவிட்டு ஜன்னலே இல்லாமல் ஆக்குகிற நம் கடைகளைப் பார்த்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். இத்துறையில் டிசைன், எஸ்டிமேஷன், ஃபேக்டரி, சைட் என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. மெக்கானிக்கல் படித்தவர்களும் நிறைய. ஐடியில் சேர்ந்த தோழியின் சம்பளத்தோடு ஆரம்பத்தில் ஒப்பிட்டால் மனசு கஷ்டப்படும், ஒப்பிடாதீர்கள். நாலைந்து வருட அனுபவம் சேர்ந்தால் துபாய், தோஹா, சிங்கப்பூர் என்று வழி இருக்கிறது. ஆனால் டிஎன்பிஎஸ்சி எழுதுகிற எண்ணம் அவளுக்கு உறுதியாக இருந்தால், இந்த வேலையில் இருந்துகொண்டு படிக்க நேரம் கிடைக்காது, அதை இப்போதே பேசிவிடுங்கள்.

சேருவதற்குள் ஆட்டோகேட் கையில் நன்றாக ஓட வேண்டும், கட்டடத்தை முப்பரிமாணத்தில் வரையும் ரெவிட் மென்பொருள் தெரிந்தால் நல்லது, ஐஎஸ் 875-இல் காற்றுப் பாரம் பற்றிய மூன்றாம் பாகத்தை ஒருமுறை பொறுமையாகப் படிக்கச் சொல்லுங்கள். கம்பெனியிடம் அவளே போன் செய்து கேட்கட்டும்: முதல் வருடம் டிசைன் ஆபீஸா, சைட்டா? சைட் என்றால் எந்த ஊர், இரவு ஷிஃப்ட் உண்டா, தங்க இடம் யார் பொறுப்பு? சைட் என்றதும் பயப்படாதீர்கள், ஆறு மாதம் சாரத்தின் பக்கத்தில் நின்று பார்த்தவளின் டிராயிங் வேறு மாதிரி இருக்கும். இடையில் வேலையை விட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கும் பாண்ட் இரண்டு வருடம் என்றால் எத்தனை ரூபாய், எந்தச் சூழலில் கட்ட வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை அவர்கள் வைத்துக்கொள்ளக் கேட்டால் மட்டும் தயங்காமல் மறுத்துவிடுங்கள், சரிபார்த்ததும் கையோடு வாங்கிக்கொண்டு வர வேண்டும்.