வெஸ்ட்ஸ் டைகர்ஸ்: கிளப் யார் கையில்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

சிட்னியின் மேற்குப் புறநகரில் குடியிருக்கிறோம். பிள்ளைகள் வழியாக ரக்பி லீக் எங்கள் வீட்டுக்குள் வந்தது. வெஸ்ட்ஸ் டைகர்ஸ்தான் எங்கள் அணி. 2022, 2023, 2024 என மூன்று பருவங்கள் தொடர்ந்து கடைசி இடம். 2025இல் கொஞ்சம் தலைநிமிர்ந்தோம். அந்த டிசம்பரிலேயே இயக்குநர்களை நீக்கினார்கள், தலைமைச் செயல் அதிகாரியும் போய்விட்டார். ரசிகர்களில் ஒரு பாதி பயிற்சியாளர் பெஞ்சி மார்ஷலை மாற்றச் சொல்கிறது. மறு பாதி முதலாளியை மாற்றச் சொல்கிறது. உண்மையில் கோளாறு எங்கே இருக்கிறது? உறுப்பினர் அட்டைக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுகிற எங்களால் ஏதாவது செய்ய முடியுமா?

கே., சிட்னி

அன்புள்ள கே.,

பயிற்சியாளரிடமிருந்தே தொடங்குகிறேன். 2021 முதல் 2025 வரையிலான ஐந்து என்.ஆர்.எல். (தேசிய ரக்பி லீக்) கோப்பைகளையும் வென்ற பயிற்சியாளர்கள் இரண்டே பேர். பென்ரித் அணியோடு 2021, 2022, 2023, 2024 என நான்கு முறை வென்றவர் ஐவன் கிளியரி. 2025இல் பிரிஸ்பேன் பிராங்கோஸை வெல்ல வைத்தவர் மைக்கேல் மக்வயர். இருவருமே டைகர்ஸின் முன்னாள் பயிற்சியாளர்கள். கிளியரி ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டு மிச்சமிருக்கும்போதே 2018 முடிவில் கிளம்பிப் போனார். மக்வயரை 2022 பருவத்தின் நடுவில் கிளப்பே வெளியேற்றியது. டைகர்ஸில் ஒருமுறைகூட இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைய முடியாத இருவரும் வேறு இடத்தில் கோப்பையைத் தூக்குகிறார்கள். இதன் பிறகும் கோளாறு பயிற்சியாளரிடம்தான் என்று வாதிடுவது கடினம்.

பட்டியலை முழுதாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2005இல் கோப்பை வென்று தந்த டிம் ஷீன்ஸ் 2012 முடிவில் நீக்கப்பட்டார். அடுத்து வந்த மிக் பாட்டருக்கு இரண்டு பருவம் கிடைத்தது. 2015இல் வந்த ஜேசன் டெய்லரை 2017இல் மூன்றே ஆட்டங்கள் முடிந்த நிலையில் அனுப்பினார்கள். பிறகு கிளியரி, மக்வயர், இடைக்காலத்துக்கு பிரெட் கிமோர்லி. 2023இல் மறுபடியும் ஷீன்ஸ். அவர் இரண்டு ஆண்டு நடத்திவிட்டு மார்ஷலிடம் ஒப்படைப்பதாக ஒரு ஐந்தாண்டுத் திட்டம் அறிவித்தார்கள். அது முதல் பருவத்தைக்கூடத் தாண்டவில்லை. 2024லேயே மார்ஷல் பொறுப்புக்கு வந்துவிட்டார். இந்த அணி கடைசியாக இறுதிச் சுற்றுகள் ஆடியது 2011இல்.

இப்போது உரிமைக்கு வருகிறேன். நீங்கள் கேட்டதன் மையம் அதுதான். பால்மெய்ன் டைகர்ஸ், வெஸ்டர்ன் சபர்ப்ஸ் மாக்பைஸ் என்ற இரண்டு பழைய கிளப்புகள் 1999இல் கூட்டுச் சேர்ந்து உருவாக்கியது இந்த அணி. முதல் பருவம் 2000. தொடக்கத்தில் இரு தரப்புக்கும் சம பங்கு. நியூ சவுத் வேல்ஸில் இப்படிப்பட்ட அணிகளுக்குப் பின்னால் ஒரு லீக்ஸ் கிளப் இருக்கும். சூதாட்ட இயந்திரங்கள், உணவகம், மதுக்கூடம் இவற்றிலிருந்து வரும் வருமானத்தில் அது அணியின் பற்றாக்குறையை அடைக்கும். பால்மெய்னுக்கு ரோஸெல்லில் அப்படி ஒரு கட்டடம் இருந்தது. மெட்ரோ ரயில் திட்டத்துக்காக அது 2010இல் மூடப்பட்டது. அந்தத் திட்டமே கைவிடப்பட்டது, மூடிய கட்டடம் மட்டும் திறக்கவே இல்லை. வருமானம் நின்றதும் பால்மெய்னால் தன் பங்குப் பணத்தைக் கட்ட முடியவில்லை. 2014இல் என்.ஆர்.எல். தலையிட்டுக் கடன் கொடுத்து, சுயேச்சை இயக்குநர்களை, அதாவது இரு தரப்பையும் சாராதவர்களை, உள்ளே கொண்டுவந்தது. அதன் பின் பால்மெய்னின் பங்கு படிப்படியாகச் சுருங்கியது. இன்று தொண்ணூறு சதவீதம் மாக்பைஸ் தரப்பின் லீக்ஸ் கிளப் குழுமத்திடம் இருக்கிறது. வெஸ்ட்ஸ் ஆஷ்ஃபீல்ட் என்று நீங்கள் அறிந்திருந்த அதன் இன்றைய பெயர் ஹோல்மன் பார்ன்ஸ் குழுமம்.

அந்தக் குழுமத்தின் இயக்குநர்களில் பெரும்பான்மையினரைத் தேர்ந்தெடுப்பது யார்? கடன்பத்திரம் வைத்திருக்கும் இருபது பேர் அளவிலான ஒரு சிறு வட்டம். ஆஷ்ஃபீல்டில் சாப்பிட வரும் ஆயிரக்கணக்கான சாதாரண உறுப்பினர்களுக்கு அதில் பெரிய பங்கில்லை. அந்த வட்டத்துக்குள் ஒரு கூட்டணி மாறினால் குழுமத்தின் தலைமை மாறும். குழுமத்தின் தலைமை மாறினால் டைகர்ஸின் இயக்குநர் குழு ஆடும். அங்கிருந்து அசைவு தலைமைச் செயல் அதிகாரிக்கும், அவரிடமிருந்து பயிற்சியாளருக்கும் இறங்கும். மைதானத்தில் என்ன நடக்கிறது என்பதோடு தொடர்பே இல்லாமல் இது நடக்கக்கூடும். 2025இல் அப்படித்தான் நடந்தது.

அதற்கு முன் 2023ஐச் சொல்ல வேண்டும். டவுன்ஸ்வில்லில் 74–0 என்று தோற்ற ஆண்டு அது. பருவம் முடிந்ததும் குழுமமே ஒரு வெளி ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது. கேரி பார்னியரும் டோனி கிராஃபோர்டும் அதை நடத்தினார்கள். அதன் விளைவாக அந்த டிசம்பரில் தலைவர் லீ ஹாகிபான்டெலிஸும் தலைமைச் செயல் அதிகாரி ஜஸ்டின் பாஸ்கோவும் விலகினார்கள். முன்னாள் மாநில முதல்வர் பேரி ஓ'ஃபாரல் தலைவரானார். சுயேச்சை இயக்குநர்கள் வந்தார்கள். சவுத் சிட்னி கிளப்பை மீட்டெடுத்த காலத்தில் அங்கே நிர்வாகியாக இருந்த ஷேன் ரிச்சர்ட்சன் தலைமைச் செயல் அதிகாரியானார். 2023இல் 4 வெற்றி, 2024இல் 6, 2025இல் 9. பதின்மூன்றாம் இடம் யாரையும் கொண்டாட வைக்காது, ஆனாலும் கோடு மேல்நோக்கிப் போனது. அந்த நிலையில்தான் 2025 டிசம்பரில் குழுமம் ஓ'ஃபாரல் உள்ளிட்ட சுயேச்சை இயக்குநர்களை நீக்கியது, ரிச்சர்ட்சனும் பதவி விலகினார்.

நீக்கியதைவிட அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்ததுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. என்.ஆர்.எல். விதிப்படி, ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டுக்குள் நுழையும் வீரர் அதற்கு முந்தைய நவம்பர் 1 முதல் பிற கிளப்புகளோடு பேசலாம். நவம்பர் பிறந்ததும் சந்தை திறந்துவிடும், முன்பருவப் பயிற்சியும் தொடங்கிவிடும். வீரரின் முகவர் கேட்கும் முதல் கேள்வி பணம் பற்றியதாக இருக்காது. "இந்தப் பயிற்சியாளர் மூன்று ஆண்டு இருப்பாரா? கையெழுத்துப் போடுபவர் யார்?" என்றுதான் கேட்பார். அதற்குப் பதில் சொல்ல ஆளில்லாத கிளப், அதே வீரருக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும், அல்லது அவரை இழக்க வேண்டியிருக்கும். டைகர்ஸின் இளம் வீரர் லாக்லன் கால்வின் விஷயத்தையும் இந்த விதியோடு சேர்த்துப் பாருங்கள். 2026 முடிவு வரை ஒப்பந்தம் இருந்தும், நீட்டிக்க மாட்டேன் என்று 2025 ஏப்ரலில் சொல்லிவிட்டார். மே மாதமே அவரை விடுவித்தார்கள், புல்டாக்ஸ் அணிக்குப் போனார். நவம்பர் 1 வருவதற்குள் இளம் வீரரைக் கட்டிப்போட வேண்டும் என்ற அவசரம் எல்லாக் கிளப்புக்கும் உண்டு. நிர்வாகத்தின் மேல் நம்பிக்கை இருக்கும் இடத்தில் அந்த அவசரம் கையெழுத்தில் முடியும்.

நிர்வாகக் குழப்பம் அணித் தேர்வில் எப்படி இறங்குகிறது என்று புரிந்துகொள்ள 2017, 2018 இரண்டு ஆண்டுகளை விரித்துப் பார்த்தால் போதும். ஜேம்ஸ் டெடெஸ்கோ, ஆரன் வுட்ஸ், மிட்செல் மோசஸ், லூக் புரூக்ஸ் ஆகிய நான்கு முதன்மை வீரர்களின் ஒப்பந்தங்களும் ஒரே ஆண்டில், 2017 முடிவில், தீரும்படி விட்டிருந்தார்கள். நான்கு பேச்சுவார்த்தையும் ஒன்றாக நடக்கும்போது ஒருவருக்கு எவ்வளவு என்பது மற்ற மூவருக்கும் தெரிந்துவிடும். ஓர் அணி வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உள்ள விளையாட்டில் எல்லோரையும் திருப்திப்படுத்த முடியாது. அதே சமயத்தில் டெய்லரையும் நீக்கினார்கள். மோசஸ் பருவத்தின் நடுவிலேயே பாராமட்டாவுக்குப் போனார், டெடெஸ்கோ ரூஸ்டர்ஸுக்கு, வுட்ஸ் புல்டாக்ஸுக்கு. புரூக்ஸ் மட்டும் தங்கினார்.

காலியான இடங்களை நிரப்ப பென் மட்டுலினோ, ரஸல் பேக்கர், ஜாஷ் ரெனால்ட்ஸ் போன்ற அனுபவசாலிகளைப் பல ஆண்டு ஒப்பந்தங்களில் எடுத்தார்கள். 2018 நடுவில் மோசஸ் எம்பாயும் வந்தார். அந்த ஆண்டு முடிவில் கிளியரி போய்விட்டார். 2019இல் வந்த மக்வயருக்கு யாரோ தேர்ந்தெடுத்த அணி, யாரோ பேசிய சம்பளம். முப்பது பேர் கொண்ட முதன்மைப் பட்டியலில் நான்கைந்து பெரிய ஒப்பந்தங்கள் புதிய பயிற்சியாளரின் ஆட்டத்துக்குப் பொருந்தாவிட்டால் அவற்றைச் சரிசெய்யக் குறைந்தது இரண்டு, மூன்று பருவம் பிடிக்கும். வீரரை வேறு அணிக்கு அனுப்பி, சம்பளத்தில் ஒரு பகுதியைத் தானே கட்டினால் அந்தப் பகுதி உச்சவரம்புக் கணக்கில் தொடரும். ஆடாத ஆளுக்கு அணியில் இடம் ஒதுக்கியது போலத்தான். இதற்கு நடுவே, வீரர் ராபி ஃபாராவுக்கு ஓய்வுக்குப் பின் தருவதாக ஒப்புக்கொண்ட தூதர் பதவிப் பணத்தை அறிவிக்காததற்காக 2018 டிசம்பரில் கிளப்புக்கு 7,50,000 டாலர் அபராதம். 6,39,000 டாலர் உச்சவரம்பில் சேர்த்துக் கணக்கிடப்பட்டது.

இளம் வீரர் வளர்ப்பிலும் இதே கதி. கேம்பல்டவுன், மெக்கார்தர் பகுதி நாட்டின் வளமான ரக்பி லீக் நிலங்களில் ஒன்று. பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான ஹரால்ட் மேத்யூஸ் கோப்பை, பத்தொன்பதுக்குட்பட்டோருக்கான எஸ்.ஜி. பால் கோப்பை, இருபத்தொன்றுக்குட்பட்டோருக்கான ஜெர்ஸி ஃப்ளெக் என்று படிகள் இருக்கின்றன. பதினாறு வயதில் கண்டெடுத்த பையன் முதல் அணியில் நிலைக்க நான்கைந்து ஆண்டு ஆகும். 2012க்குப் பின் எந்தப் பயிற்சியாளரும் நான்கு முழுப் பருவம் இருந்ததில்லை. தன் காலத்தில் கண்டெடுத்த பையனைத் தானே ஆடவைத்துப் பார்க்கும் வாய்ப்பு அவர்களில் எவருக்கும் அமையவில்லை. பென்ரித்தில் ஒரே குழுமம், ஒரே மைதானம், ஒரே வட்டாரம். இங்கே அணி ஆடும் மைதானங்களான லைக்ஹார்ட் ஓவலுக்கும் கேம்பல்டவுனுக்கும் நடுவே ஐம்பது கிலோமீட்டர் அளவுக்குத் தூரம். மேத்யூஸ், எஸ்.ஜி. பால் போட்டிகளில் பால்மெய்னும் மாக்பைஸும் இன்னமும் தனித்தனி அணிகளாகத்தான் இறங்குகின்றன.

குழுமத்தின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. பால்மெய்ன் கை விரித்த காலத்தில் பற்றாக்குறையைச் சுமந்தவர்கள் அவர்கள். கான்கார்டில் அணிக்குப் பயிற்சி மையம் எழுந்ததும் அவர்கள் காலத்தில்தான். பணம் போடுகிறவர் கணக்குக் கேட்பதில் பிழையில்லை. ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது, தணிக்கை, பெரிய கடன்கள் ஆகியவை முதலாளியின் எல்லை. எந்த வீரரை எடுப்பது, பயிற்சியாளருக்கு எத்தனை ஆண்டு தருவது, சட்டையில் எந்த நிறம் என்பதெல்லாம் அந்த எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும். அதற்கு ஒரு கதவு வேண்டும். சுயேச்சை இயக்குநர்கள்தான் அந்தக் கதவு. அதை நினைத்த நேரத்தில் கழற்றிவிட முடியும் என்றால் அது இருந்தும் பயனில்லை.

உங்கள் அட்டைக்கு வருகிறேன். டைகர்ஸ் ‘மெம்பர்ஷிப்’ என்று நீங்கள் வாங்குவது பருவச் சீட்டும் சில சலுகைகளும். நிறுவனத்தில் வாக்குரிமை அதில் கிடையாது. சவுத் சிட்னியில் 2006இல் நடந்ததை இங்கே எதிர்பார்க்க முடியாததற்குக் காரணம் அதுதான். அங்கே உறுப்பினர்களுக்கு வாக்கு இருந்தது. 75 சதவீதம் தேவைப்பட்ட இடத்தில் 75.8 சதவீதம் பேர் ஆதரித்ததால் நடிகர் ரஸல் குரோவும் தொழிலதிபர் பீட்டர் ஹோம்ஸ் ஆ கோர்ட்டும் முக்கால் பங்கை வாங்கினார்கள். எட்டு ஆண்டு கழித்து, 2014இல், கோப்பை வந்தது.

உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது என்றால் அது லீக்ஸ் கிளப்பின் உறுப்பினராவது. உறுப்பினரானதும் அமைப்பு விதிகளின் பிரதியை எழுத்து மூலம் கேளுங்கள். ஆஸ்திரேலிய நிறுவனச் சட்டப்படி, கட்டணம் ஏதும் இருந்தால் அதைச் செலுத்திய பிறகு, ஏழு நாளுக்குள் தர வேண்டும். அதில் மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள். எந்த வகை உறுப்பினருக்கு எதில் வாக்கு, இயக்குநர் ஆவதற்கு எத்தனை ஆண்டு உறுப்பினராக இருந்திருக்க வேண்டும், விதிகளைத் திருத்த என்ன வழி. வாக்குரிமை உள்ள நூறு பேரோ, மொத்த வாக்குகளில் ஐந்து சதவீதம் உள்ளவர்களோ சேர்ந்தால் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை முன்வைக்கலாம். தனியாக ஒரு கூட்டத்தைக் கூட்டச் சொல்ல ஐந்து சதவீதம் வேண்டும். இயக்குநரை நீக்கும் தீர்மானமென்றால் இரண்டு மாத முன்னறிவிப்பு வேண்டும். விதித் திருத்தத்துக்கு 75 சதவீத வாக்கு வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். கோபத்தில் ஆயிரம் கையெழுத்து வாங்குவார்கள். கையெழுத்திட்டவர்களில் அந்த விஷயத்தில் வாக்குள்ளவர் எத்தனை பேர் என்று பார்த்திருக்க மாட்டார்கள். மனு முதல் நாளே செல்லாததாகிவிடும். கடன்பத்திர ஏற்பாடு மாறாதவரை பெரும்பான்மை இடங்கள் உங்கள் கைக்கு எட்டாது என்பதையும் தெரிந்தே இறங்குங்கள்.

இன்னொரு பிடி என்.ஆர்.எல். கையில் இருக்கிறது. போட்டியில் ஆடும் உரிமத்தைத் தருவது அவர்கள்தான். நிர்வாகம் குலைந்தால் தலையிட முடியும் என்பதற்கு 2014 சாட்சி. விளம்பரதாரர்களுக்கு எழுதும் கடிதமும், பருவச் சீட்டைப் புதுப்பிக்காமல் அதற்கான காரணத்தை எழுதி அனுப்புவதும் வீண்போவதில்லை. வருமானக் குறைவு ஆண்டறிக்கையில் எண்ணாக வந்து நிற்கும்.

இனி ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பயிற்சியாளரின் பெயருக்கு முன் வேறு சிலவற்றைப் பாருங்கள். சுயேச்சை இயக்குநர்களின் பதவிக்காலம் விதிகளில் எழுதப்பட்டிருக்கிறதா? காரணம் காட்டாமல் நீக்க முடியாதபடி இருக்கிறதா? தலைமைச் செயல் அதிகாரி, இயக்குநர் குழுவைக் கேட்காமல் எந்த அளவு வரை ஒப்பந்தம் போடலாம்? முதன்மை வீரர்களின் ஒப்பந்தங்கள் எந்தெந்த ஆண்டில் முடிகின்றன? ஓர் ஆண்டில் இரண்டு பெரிய பெயர்களுக்கு மேல் முடிந்தால் 2017 திரும்ப வரும். ஜரோம் லுவாய், ஆபி கொரோய்சாவ் போன்ற பென்ரித் வெற்றியாளர்களை அழைத்துவந்த பிறகும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லையென்றால், மார்ஷலின் இடத்தில் அடுத்து உட்காருபவருக்கும் இதே பட்டியல், இதே கணக்கு, இதே டிசம்பர்தான் காத்திருக்கும்.

அன்புடன்.