எண் கேள்வி பதில்: 4294967297

கேள்வி: 4294967297 பகா எண் இல்லை, 641 அதன் காரணி என்று படித்தேன். என் கால்குலேட்டரில் எட்டு இலக்கம்தான். எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: கடைசி மூன்று இலக்கத்தை வெட்டி வைத்துவிட்டு 4294967-ஐ 641-ஆல் வகுங்கள். ஈவு 6700. மீதி வேண்டுமென்றால் 6700 × 641-ஐக் கழியுங்கள்: 267. அதன் பின்னால் 297-ஐ ஒட்டினால் 267297. இதை 641-ஆல் வகுக்க, மீதியில்லாமல் 417. ஆக, 641 × 6700417. இரண்டாம் ஈவு 17 என்று வரும் கணக்குகளில் 017 என்று எழுத வேண்டும்; பலர் சறுக்குவது அங்கேதான்.

கேள்வி: 641-ஐ எப்படிப் பிடித்தார்கள்? 2, 3, 5 என்று ஒவ்வொன்றாக வகுத்தா?

பதில்: அப்படிப் போனால் 641 என்பது 116-ஆவது பகா எண். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இந்த எண், 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டியது. அடுக்கு 1, 2, 4, 8, 16 ஆக இருந்தால் கிடைக்கும் 3, 5, 17, 257, 65537 எல்லாமே பகா எண்கள். அடுத்ததும் அப்படித்தான் என்று 1640 வாக்கில் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் கணிதர் ஆய்லர் அதை உடைத்தார். இதற்குப் பகாக் காரணி இருந்தால் அது 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகவே இருக்கும் என்பது அவர் கண்ட விதி. 193, 257, 449, 577 தோற்றதும் 641 நிற்கிறது. பிற்பாடு பிரெஞ்சுக் கணிதர் லூக்கா 64-ஐ 128 ஆக்கினார். 641 வரை மிஞ்சுவது 257-உம் 641-உம் மட்டுமே. 257-ஐயும் வகுக்க வேண்டாம். நம் எண்ணுக்கு இரண்டு குறைவான 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537; எனவே 257-ஆல் வகுத்தால் மீதி 2 என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். முதல் வகுத்தலிலேயே விடை!

கேள்வி: 6700417 மேலும் உடையுமா?

பதில்: உடையாது. அதன் காரணி நம் எண்ணுக்கும் காரணிதான்; எனவே அதே விதி பொருந்தும். அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அதற்குள் 128-விதிக்குப் பொருந்தும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டும். மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622.

கேள்வி: ஃபெர்மா சோதனையை 2-ஐ வைத்து எழுதினேன். ஒரு புரோகிராம் இதைப் பகா எண் என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. எது சரி?

பதில்: இரண்டிலும் கோளாறு. எண்ணில் ஒன்று குறைத்து, 2-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி, அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பதுதான் இந்தச் சோதனை; வராவிட்டால் அது பகா எண் இல்லை. இந்த எண்ணால் வகுத்தால் 2-இன் 32-ஆம் அடுக்கு −1-ஐயும், 64-ஆம் அடுக்கு 1-ஐயும் மீதியாகத் தரும். சோதனையில் வரும் அடுக்கோ 4294967296. அது 64-இன் மடங்கு. ஆகவே பகு எண்ணாக இருந்தும் 2 இதைத் தேற்றிவிடும். 3-ஐ வைத்துச் சோதித்தால் மாட்டிக்கொள்ளும். இரண்டாம் புரோகிராமில் குறியில்லாத 64 பிட் மாறி இருக்கும் போலிருக்கிறது. 2-ஐத் திரும்பத் திரும்ப வர்க்கமாக்கினால் ஐந்தாவது முறை 4294967296 வரும்; அதன் வர்க்கம் 64 பிட்டுக்குச் சரியாக ஒன்று அதிகம், பெட்டி வழிந்து 0 ஆகிவிடும். விடை சரி, காரணம் தப்பு. பெருக்கலுக்கு மட்டும் 128 பிட் வையுங்கள்.